இரண்டாம் ஊசி யாருக்காக?



ஒன்பதாம் மாதத்தில் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்று. பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆனதும், இன்னொரு முறை அதே ஊசிக்கு வரும்படி சுகாதார நிலையத்திலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். அப்பொழுது தாய்மார் பலர் கேட்கும் கேள்வி இது: "முதல் ஊசி பலித்ததா, பலிக்கவில்லையா? பலித்ததென்றால் மறுபடியும் பிள்ளையைக் குத்துவானேன்? பலிக்கவில்லை என்றால் அதை முதலில் போட்டதுதான் ஏன்?"

இது வீண் கேள்வியன்று. யோசிக்கத் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி. இதற்கு வைத்திய சாஸ்திரம் தரும் விடை ஒன்று உண்டு. அந்த விடையை ஊன்றிப் பார்த்தால் அதற்குள்ளே வேறொரு கேள்வி இருக்கக் காண்கிறோம். அது மனச்சாட்சியைச் சார்ந்தது. என் பிள்ளைக்கு ஒருவேளை தேவையே இல்லாத ஒரு சிறு வேதனையை, யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியாத ஒரு பிள்ளைக்காக, நான் ஏற்கக் கடமைப்பட்டிருக்கிறேனா? இவ்விரண்டு கேள்விகளையும் இந்த வாரம் வரிசையாக ஆராய்வோம்.

நோயின் இயல்பு

தட்டம்மையை நம்மவர் மணல்வாரி என்றும் சொல்லுவார்கள். இலங்கையிலே சின்னமுத்து என்பார்கள். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் என்று தொடங்கி, மூன்று நான்கு நாளில் முகத்திலிருந்து உடலெங்கும் செந்தடிப்பு இறங்கும். பெரியம்மையைப்போல் தழும்பு விடுவதில்லை. ஆகையால் இதை இலேசான நோய் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. நுரையீரலில் கபவாதக் காய்ச்சல், ஓயாத வயிற்றுப்போக்கு, மூளை வீக்கம், கண்பார்வை இழப்பு ஆகியவை இந்நோயின் பின்னாலே வருகின்றன. 2023-ம் ஆண்டில் மட்டும் உலகமெங்கும் சுமார் 1,07,500 பேர் தட்டம்மையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத பாலகர்.

மனிதருக்கு வரும் தொற்றுநோய்களில் இதைப்போல் விரைந்து பரவுவது வேறொன்று இல்லை என்றே சொல்லலாம். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் ஒரு நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு அது தொற்றக்கூடும். நோயாளி அறையை விட்டு எழுந்து போன பின்பும் இரண்டு மணி நேரம் வரை அக்கிருமி காற்றிலே தங்கியிருக்கும். தடிப்பு வெளிப்படுவதற்கு நான்கு நாள் முந்தியே தொற்றத் தொடங்கிவிடும். எனவே, "நோய் கண்ட பிள்ளையை ஒதுக்கி வைத்துக்கொண்டால் போதும்" என்பது இங்கே செல்லாது. இன்னும் தடிப்பே காணாத ஒரு பிள்ளை ஞாயிறு பூசைக்கு வந்து போனால், அடுத்த பூசைக்கு வருகிறவர்கள் கூட அந்தக் காற்றைச் சுவாசிக்க நேரலாம்.

கொள்ளைநோய் வரும்போது அர்ச். செபஸ்தியாரையும் அர்ச். ரோக்கு என்பவரையும் வேண்டிக்கொள்வது நம் முன்னோர் வழக்கம். அந்த விசுவாசம் நல்லது. அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் வைத்தியனை உண்டாக்கினவரும், மருந்தைப் பூமியிலிருந்து விளையச் செய்தவரும் சர்வேசுரனே என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. மருந்தைத் தள்ளிவிட்டு மன்றாட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறவன், கொடுத்த கையைப் பாராமல் கேட்டுக்கொண்டே இருக்கிறவனுக்கு ஒப்பானவன்.

உடலின் ஞாபகம்

இந்நோய் ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவதில்லை என்பது பழைய அனுபவம். அதற்கு உறுதியான சான்று வட அட்லாண்டிக் கடலிலுள்ள பெரோ தீவுகளிலிருந்து கிடைத்தது. அங்கே 1781-ல் தட்டம்மை வந்து போயிற்று. பிறகு 65 ஆண்டுகள் அந்நோய் எட்டிப் பார்க்கவில்லை. 1846-ல் கோப்பன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சர் வழியாக மறுபடியும் நுழைந்தது. தீவுகளிலிருந்த ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேர் சில மாதங்களுக்குள் படுத்தார்கள். டேனிஷ் அரசாங்கம் அனுப்பிய பானும் என்னும் இளம் வைத்தியர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். 1781-ல் சிறு வயதில் நோய் கண்டு பிழைத்த முதியோர் பலர் அப்போது உயிரோடிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கேனும் இரண்டாம் முறை நோய் வரவில்லை. அறுபத்தைந்து ஆண்டு கழிந்த பின்னும் உடல் அந்தப் பகைவனை மறக்கவில்லை.

உடலுக்கு இப்படி ஒரு ஞாபகசக்தியைச் சிருஷ்டிகர் வைத்திருக்கிறார். தடுப்பு ஊசி செய்வதெல்லாம், நோயின் ஆபத்தை விலக்கி அந்த ஞாபகத்தை மட்டும் உண்டாக்குவதே. 1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு பள்ளிச் சிறுவனின் இரத்தத்திலிருந்து தட்டம்மைக் கிருமியை என்டர்ஸ், பீபிள்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதைப் பலமுறை வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார்கள். 1963-ல் அது அமெரிக்காவில் உத்தரவு பெற்றது. இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 1985 முதல் முதல் தவணை கொடுக்கப்பட்டு வருகிறது. 2010 முதல் படிப்படியாக இரண்டாம் தவணையும் சேர்க்கப்பட்டது.

"இயற்கையாக நோய் வந்து போனால் ஆயுள் முழுவதும் காப்பாயிற்றே, அதுவே மேல் அல்லவா?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் காப்புக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். நோயிலே இறந்த பிள்ளைக்குக் காப்பு எதற்கு? பிழைத்த பிள்ளைக்கும் ஒரு நஷ்டம் உண்டு என்பது 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. நெதர்லாந்து நாட்டில் ஊசி போடாத 77 பிள்ளைகளின் இரத்தத்தைத் தட்டம்மை வருவதற்கு முன்னும் வந்து போன பின்னும் சோதித்தார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அந்தப் பிள்ளைகளின் உடல் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடாக, நூற்றுக்கு 11 முதல் 73 வரை அழிந்து போயிருந்தன. தன்னை மறவாதிருக்கச் செய்கிற அந்நோய், மற்றப் பகைவரையெல்லாம் உடல் மறந்துபோகச் செய்கிறது. ஊசியோ அப்படிச் செய்வதில்லை.

முதல் ஊசியும் இரண்டாம் ஊசியும்

இனி தாய்மாரின் கேள்விக்கு வருவோம். முதல் ஊசி பலித்ததா?

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பலித்தது. ஆனால் எல்லாருக்கும் அல்ல. ஒன்பதாம் மாதத்தில் ஊசி பெறும் நூறு குழந்தைகளில் சுமார் 85 பேர் காப்பு அடைகிறார்கள்; சுமார் 15 பேர் அடைவதில்லை. ஓராண்டு நிரம்பிய பின் போட்டால் 93 முதல் 95 பேர் வரை அடைகிறார்கள். இதற்கு ஒரு முக்கியமான காரணம் மனதை உருக்குவது. பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் தொப்புள் கொடி வழியாகப் பிள்ளைக்குச் சேருகிறது. பிறந்த பின் பல மாதம் வரை அந்தத் தாய்க்கொடை பிள்ளையைக் காக்கிறது. மெல்ல மெல்லக் குறைகிறது. ஊசி போடும் நாளில் அது கொஞ்சம் மீந்திருந்தால், ஊசியிலுள்ள வீரியமற்ற கிருமியையும் பகைவனென்றே எண்ணி அழித்துவிடுகிறது. பிள்ளையின் உடல் அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளச் சமயம் கிடைப்பதில்லை. தாயின் பாதுகாப்பே சில பிள்ளைகளுக்கு முதல் ஊசியைப் பலிக்கவிடாமல் செய்கிறது.

அப்படியானால் எல்லாருக்கும் ஓராண்டு கழித்தே போடலாமே என்றால், நோய் நடமாடும் தேசங்களில் அதற்குள் பல சிசுக்களை நோய் கொண்டுபோய்விடும். ஆகவே ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, பதினாறாம் மாதம் முதல் இருபத்து நான்காம் மாதத்துக்குள் மற்றொன்று என்று நம் நாட்டில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் ஊசியைப் பலர் 'பூஸ்டர்' என்று அழைக்கிறார்கள். அச்சொல்லால் ஒரு தப்பெண்ணம் உண்டாகிறது. தொண்டை அடைப்பான், ரணஜன்னி போன்ற நோய்களுக்கு முதலில் உண்டான காப்பு வருஷம் செல்லச் செல்லத் தேய்கிறது. தேய்ந்ததை நிரப்ப மறு ஊசி போடுகிறார்கள். அது உள்ளபடி ஊக்க ஊசி. தட்டம்மையில் அப்படியன்று. முதல் ஊசி பலித்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அதுவே நீடித்து நிற்கிறது. இரண்டாம் ஊசிக்கு முன்னும் பின்னும் அப்பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்தால், எதிர்ப்புப் பொருளின் அளவு கொஞ்ச காலம் ஏறி, பிறகு பழைய நிலையை நோக்கி இறங்குவதைக் காணலாம். அவனுக்குப் பெரிய இலாபம் இல்லை. ஆனால் முதல் ஊசி பலிக்காத பிள்ளைக்கோ இரண்டாம் ஊசிதான் உள்ளபடி முதல் ஊசி. அப்படிப்பட்டவர்கள் நூறு பேருக்கு மறுமுறை போட்டால் ஏறக்குறைய 95 பேர் காப்பு அடைந்துவிடுகிறார்கள்.

ஆகவே விடை இது: இரண்டாம் ஊசி நூறு பிள்ளைகளுக்கும் போடப்பட்டாலும், அது உண்மையில் அந்தப் பதினைந்து பிள்ளைகளுக்காகப் போடப்படுகிறது.

பதினைந்துதானே என்று இலேசாக எண்ண வேண்டாம். ஆண்டுக்கு நூறு ஞானஸ்நானம் நடக்கும் ஒரு பங்கை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் முதல் ஊசி பெற்றாலும், ஆண்டுதோறும் 15 பேர் காப்பின்றி நிற்பார்கள். ஏழாண்டு சென்றால் அவர்கள் 105 பேர். ஒரு முழு ஆண்டில் பிறந்த பிள்ளைகள் யாருக்குமே ஊசி போடாமல் விட்டதற்கு அது சமம். அவர்களெல்லாரும் ஒரே பள்ளியில், ஒரே ஞானோபதேச வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சாட்சி. அங்கே முதலில் ஒரே தவணைதான் இருந்தது. 1989 முதல் 1991 வரை நோய் திரும்பி வந்து 55,000-க்கு மேற்பட்டோரைப் பிடித்தது. 120-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊசியே போடாத பாலகர் அவர்களில் அதிகம். ஆனால் ஒரு தவணை முறையாகப் போட்டிருந்த பள்ளி, கல்லூரி மாணவரிடையிலும் நோய் பரவியது. ஆகவே 1989-ல் இரண்டாம் தவணையை எல்லாப் பிள்ளைகளுக்கும் விதித்தார்கள். 2000-ம் ஆண்டில் அந்நாட்டில் நோய் ஒழிந்ததாக அறிவிக்க முடிந்தது. அப்படி ஒழித்த நாடும் அயர்ந்துபோகலாகாது. 1998-ல் அந்நிலையை அடைந்திருந்த கனடா, 2025 நவம்பரில் அதை இழந்தது.

நியாயம் எது?

இப்பொழுது மனச்சாட்சியின் கேள்வி. நூற்றில் எண்பத்தைந்து பிள்ளைகளுக்குப் பெரிய பயனில்லாத ஓர் ஊசியை, பதினைந்து பேருக்காக எல்லாருக்கும் போடுவது நியாயமா?

முதலாவது, அந்தப் பதினைந்து பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையின் முகத்தில் எழுதியிருப்பதில்லை. கொழுத்த பிள்ளையா, மெலிந்த பிள்ளையா, பணக்காரன் வீட்டுப் பிள்ளையா, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையா என்று பார்த்தும் சொல்ல முடியாது. இரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடிக்கலாமென்றால், இரத்தம் எடுக்கவும் ஊசியால்தான் குத்த வேண்டும், செலவும் அதிகம், பிறகு பலிக்காதவனை மறுபடியும் குத்த வேண்டும். எனவே "என் பிள்ளைக்குத் தேவையில்லை" என்று சொல்லுகிற தாய் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லுகிறாள். அந்தப் பதினைந்தில் ஒன்று அவள் மடியிலேயே இருக்கலாம்.

சேசுநாதர் சொல்லிய காணாமற்போன ஆட்டின் உவமை எல்லாருக்கும் தெரியும். நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போக, மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். அந்த மேய்ப்பனுக்குத் தவறியது எது என்று தெரியும். நம் காரியத்தில் அது தெரியாது. எல்லா ஆடுகளும் பட்டியிலே நிற்பதாகவே தோன்றுகிறது. தவறியதைத் தேடிப் போக வழி இல்லாதபோது ஒரே வழிதான் உண்டு: நூறும் சேர்ந்து மறுபடியும் வாசல் வழியாக நடக்க வேண்டும். அந்த ஒன்றைத் தனியே விடாதிருக்கும்படி தொண்ணூற்றொன்பதும் அதனுடன் நடப்பதே இங்கே நல்ல மேய்ப்பனின் வழி.

இரண்டாவது, எவ்வளவு நல்ல ஊசியானாலும் அதைப் பெற முடியாதவர்கள் உண்டு. ஒன்பது மாதம் நிரம்பாத சிசு, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை, கர்ப்பவதியான தாய் ஆகியோருக்கு இந்த ஊசியைப் போடக்கூடாது. இவர்களைக் காப்பது இவர்கள் உடலில் உள்ள காப்பன்று. சுற்றியிருப்போர் உடலில் உள்ள காப்பு. நூற்றுக்கு 95 பேராவது இரு தவணையும் பெற்றிருந்தால்தான் தட்டம்மை ஓரிடத்தில் வேரூன்றாது என்பது வைத்தியர் கணக்கு. மீதியுள்ள ஐந்து இடங்கள் யாருக்கு? முடியாதவர்களுக்கு. முடிந்தவன் ஒருவன் சோம்பலினாலோ பிடிவாதத்தினாலோ அந்த இடத்தை எடுத்துக்கொண்டால், முடவருக்கென்று விட்ட ஆசனத்தில் கால் வலிமையுள்ளவன் அமர்ந்ததுபோல் ஆகும். அவன் யாரையும் அடிக்கவில்லை, திருடவில்லை. ஆயினும் ஒருவனுடைய இடம் போயிற்று. செய்த பாவங்களுக்காக மட்டுமன்றி, செய்யத் தவறிய கடமைகளுக்காகவும் பூசையின் தொடக்கத்தில் நாம் மார்பில் அறைந்துகொள்கிறோம் அல்லவா?

மூன்றாவது, "பிறர் நலனுக்காக என் பிள்ளையைக் கருவியாக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பெருங்கேடு விளைவித்து ஊருக்கு நன்மை செய்யச் சொன்னால் அது அநியாயம். தீமையைச் செய்து நன்மையை விளைவிக்கலாகாது என்பது திருச்சபையின் மாறாத போதனை. ஆனால் இங்கே செய்யப்படுவது தீமையன்று. ஏற்கெனவே காப்புள்ள உடலில் அந்த வீரியமற்ற கிருமி நுழைந்தால், அங்குள்ள எதிர்ப்புப் பொருள் அதை விரைவிலே அடக்கிவிடுகிறது. எனவே இரண்டாம் ஊசியில் காய்ச்சலும் தடிப்பும் முதல் ஊசியைவிடக் குறைவு. ஒரு கண நோவும் ஒரு நாள் சிணுங்கலும் பிள்ளைக்குப் பெருங்கேடு ஆகா. மேலும் பிள்ளை தனியே பிறந்து தனியே வளர்வதில்லை. ஒரு அவயவம் நோவடைந்தால் எல்லா அவயவங்களும் கூட நோவடையும் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்குப் போதித்தார். ஞானஸ்நானத் தொட்டியில் அந்தச் சரீரத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளை, தன் முதல் பிறர்சிநேகக் கிரியையைத் தாயின் மடியிலிருந்தே செய்கிறது.

இந்தக் கிரியைக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. பசித்தவனுக்குச் சோறிட்டால் அவன் முகம் மலர்வதைக் காண்கிறோம். இங்கே யாருக்கு உதவினோம் என்று நமக்குத் தெரியாது. உதவி பெற்றவனுக்கும் தெரியாது. வராத நோய்க்கு நன்றி சொல்வார் யார்? வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் கற்பித்த தர்மத்துக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் கிடைப்பது அரிது. கடைசி நாளில் நீதிமான்கள், "ஆண்டவரே, உமக்கு எப்பொழுது உதவினோம்?" என்ற பொருள்படக் கேட்பார்கள் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து ஊசிக்கு வரிசையில் நின்ற தாயும் அந்தக் கூட்டத்தில் இருப்பாள் என்று நம்பலாம்.

சில ஆட்சேபணைகள்

"ஊசியால் ஆபத்து வந்ததே இல்லையா?" வந்தது உண்டு. அதை மறைப்பது பொய். பொய்யால் எந்த நல்ல காரியமும் நிலைக்காது. பசிபிக் கடலிலுள்ள சமோவா தீவில் 2018-ல் இரண்டு சிசுக்கள் ஊசி போட்ட சிறிது நேரத்தில் இறந்தன. ஊசி மருந்தில் கலக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, வேறொரு மருந்தைத் தவறாகக் கலந்துவிட்டார்கள். தவறு செய்த இரண்டு செவிலியரையும் நீதிமன்றம் தண்டித்தது. மருந்தில் குற்றமில்லை என்று தெரிந்த பின்னும் ஜனங்களின் பயம் தீரவில்லை. அந்த ஆண்டில் முதல் தவணை பெற்ற சிசுக்கள் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. மறு ஆண்டு தட்டம்மை வந்தது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் வாழும் அந்தச் சிறு தேசத்தில் 5,700 பேருக்கு மேல் படுத்தார்கள். 83 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர். 2019 டிசம்பரில் இரண்டு நாள் தேசமெங்கும் வேலைகளை நிறுத்தி, ஊசி போடாதோர் இருக்கும் வீடுகளின் முன் சிவப்புத் துணி கட்டச்சொல்லி, வீடு வீடாக ஊசி போட்டார்கள். அயலிலுள்ள டோங்கா, பிஜி தீவுகளிலும் அதே சமயம் நோய் நுழைந்தது. அங்கே பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தபடியால் ஒருவரும் இறக்கவில்லை. இரண்டு சிசுக்களின் மரணம் உண்மையான துக்கம். அந்தத் துக்கத்திலிருந்து பிறந்த பயமோ எண்பத்து மூன்று சவக்குழிகளைத் தோண்டிற்று. ஊசி போடுகிறவர்கள் பயத்தோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும். கேள்வி கேட்கும் தாயை அதட்டாமல் விடை சொல்ல வேண்டும். இது அவர்கள் கடமை. ஒரு தவற்றைக் கண்டு எல்லாவற்றையும் தள்ளிவிடாதிருப்பது நம் கடமை.

"ஞானஸ்நானம் ஒருமுறைதானே பெறுகிறோம், ஊசி மட்டும் இருமுறையா?" என்று வேடிக்கையாகக் கேட்பார் உண்டு. தேவதிரவிய அனுமானத்தின் பலன் சேசுநாதருடைய வாக்குறுதியைச் சார்ந்தது. முறைப்படி கொடுத்தால் அது தவறுவதில்லை. ஊசியின் பலன் பிள்ளையின் உடல்வாகையும் வயதையும், மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் வைத்த பெட்டியையும் சார்ந்தது. மனிதன் செய்வது தவறக்கூடும். ஆதலால் மறுமுறை செய்கிறான்.

நல்ல கத்தோலிக்கர் சிலரை வாட்டும் ஒரு சந்தேகமும் உண்டு. சில தடுப்பு மருந்துகளின் கிருமி, முக்கியமாகத் தட்டம்மையுடன் சேர்த்துப் போடும் ருபெல்லா மருந்தின் கிருமி, 1960-களில் கருச்சிதைவு செய்யப்பட்ட சிசுக்களின் உடலணுக்களிலிருந்து வந்த அணுத்தொடரில் வளர்க்கப்படுகிறது. கருச்சிதைவு பெரும் பாவம் என்பதில் மாற்றமில்லை. அப்படியானால் ஊசியைப் பெறுவது அப்பாவத்தில் பங்குபெறுவதா? இதைத் திருச்சபை ஆராயாமல் விடவில்லை. உயிருக்கான பாப்பிறைக் கழகம் 2005-லும் 2017-லும் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. வேறு மருந்து கிடைக்காதபோது, பிள்ளைகளையும் கர்ப்பவதிகளையும் காக்கும்படி இவ்வூசியைப் பெறலாம். பெறுகிறவர் அந்தப் பழைய பாவத்துக்கு உடன்பட்டவர் ஆகார். ஆனால் குற்றமற்ற வழியில் மருந்து தயாரிக்கும்படி கேட்கவும் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். ருபெல்லா கர்ப்பவதியைப் பிடித்தால் வயிற்றிலுள்ள சிசு குருடாகவும் செவிடாகவும் இருதயக் கோளாறோடும் பிறக்கலாம், இறந்தும் போகலாம் என்பதையும் நினைக்க வேண்டும். பிறவாத சிசுவின் மேல் இரக்கமுள்ளவர்கள் இந்த ஊசியை விலக்க அல்ல, விரும்பவே காரணம் உண்டு.

கடைசியாக வதந்தி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியபோது, கைப்பேசி வழியாகப் பயங்கரச் செய்திகள் பரவினதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மெய்யா பொய்யா என்று விசாரியாமல் அனுப்பியவர்களில் நம்மவர்களும் இருந்திருக்கலாம். எட்டாம் கற்பனை நாவுக்கு மட்டும் உரியதன்று, விரலுக்கும் உரியது. பொய்யென்று தெரியாமல் அனுப்பினேன் என்பது, விசாரிக்கக் கடமைப்பட்டவனுக்கு முழுச் சாக்காகாது.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை-ருபெல்லா என்ற வரியில் இரண்டு தேதிகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால், ஒன்றரை வயது கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஐந்து வயது வரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியரிடம் கேளுங்கள். பிள்ளைக்குக் கடும் வியாதியோ, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் சிகிச்சையோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இதுவரை அறியாமல் தவறிய தாயைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. அறியாமையினாலே தவறுகிறவர்கள் ஒரு பக்கம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தவறுகிறவர்கள் மறுபக்கம். மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமலும், பஸ்ஸுக்குக் காசில்லாமலும் அவர்கள் தவறுகிறார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் மட்டும் போதாது. வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடு சந்திக்கப் போகும்போது இதையும் விசாரிக்கட்டும். புதன்கிழமை ஊசி போடும் நாளில் அயல்வீட்டுத் தாய்க்குத் துணையாகப் போவதும், அவள் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வதும் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைக்குக் குறைந்த தர்மமல்ல.

உங்கள் பிள்ளை அந்த எண்பத்தைந்தில் ஒன்றா, பதினைந்தில் ஒன்றா என்று சர்வேசுரன் ஒருவருக்கே தெரியும். தெரிந்தவர் அவர், தெரியாத நாம் எல்லாரும் சேர்ந்து நடப்போம். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன சேசுநாதர் நம் பங்கின் எல்லாக் குழந்தைகளையும், நம் வேதத்தைச் சேராத அயலார் குழந்தைகளையும், தம் கரத்தில் ஏந்தி ஆசீர்வதிப்பாராக.